தேயப் பிறந்த வளையம்

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஏறும்போது என்ஜினின் உடல்நிலை தெரியும். இறங்கும்போது முன்சக்கரத்தைத் தாங்கும் கால்களின் உடல்நிலை தெரியும். பெரியப்பா எனக்கு விட்டுப்போன 1974ஆம் ஆண்டு புல்லட்டில் முதன்முதலாக நான் அந்த மலையிலிருந்து இறங்கியது ஒரு மார்கழிக் காலையில். ஒவ்வொரு வளைவுக்கு முன்பும் பிரேக் பிடித்ததும் வண்டியின் முன்பக்கம் பொத்தென்று குனிந்தது. பிரேக்கை விட்டதும் எழுந்து, மறுபடி குனிந்து, மறுபடி எழுந்தது. ஹேண்டில் வழியாக 'டக்' என்று ஒரு தட்டல் உள்ளங்கைக்கு வந்துகொண்டே இருந்தது. அடிவாரத்தில் நிறுத்திப் பார்த்தால், வலது ஃபோர்க்கிலிருந்து எண்ணெய் வழிந்து மட்கார்டு கம்பி வரை நனைந்திருந்தது.

நாமக்கல்லில் பழைய வண்டிகளை நன்கறிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி, முன்சக்கரம் தரையைத் தொடாதபடி என்ஜினுக்கு அடியில் கட்டை கொடுத்தார். தரையில் உட்கார்ந்து ஃபோர்க்கின் கீழ்நுனிகளை இரண்டு கைகளாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினார். அதே 'டக்'.

"இப்ப ஆடறது கழுத்துங்களா, முழங்காலுங்களா தம்பி? அதத்தான் மொதல்ல பாக்கோணும். இந்தக் கோன் செட் கிட்ட ஒரு விரல வைங்க" என்றார்.

ஹேண்டில் தண்டு சட்டத்தோடு சேரும் இடத்தில் விரல் வைத்தேன். அங்கே அசைவு இல்லை. விரலைக் கீழே இறக்கி, மேல்குழாய் கீழ்க்குழாய்க்குள் நுழையும் விளிம்பில் வைத்ததும் ஆட்டம் தெளிவாகத் தெரிந்தது. கழுத்து நன்றாக இருக்கிறது, முழங்கால்தான் தேய்ந்திருக்கிறது. இந்த அத்தியாயம் அந்த முழங்காலைப் பற்றியது. அதற்குள் இருக்கும் ஒரு சிறு வளையத்தைப் பற்றியது என்று சொன்னாலும் சரிதான்.

குழாய்க்குள் குழாய்

மோட்டார் சைக்கிளின் முன்ஃபோர்க் பார்வைக்கு இரண்டு கம்பங்கள். உள்ளே ஒவ்வொன்றும் குழாய்க்குள் நுழைந்த குழாய். மேலே இருப்பது ஃபோர்க் பைப், ஹேண்டிலோடு பிணைந்தது. கீழே இருப்பதை மெக்கானிக்குகள் 'பாட்டம்' என்பார்கள். சக்கரத்தின் அச்சு அதில் மாட்டப்பட்டிருக்கும். சாலையில் மேடு வந்தால் பாட்டம் மேலேறி பைப்பை விழுங்கும். பள்ளம் வந்தால் கீழிறங்கிக் கக்கும். உள்ளே ஒரு ஸ்பிரிங்கும் கொஞ்சம் எண்ணெயும் இருக்கும்.

இந்த எளிய ஏற்பாடு நிலைபெறக் காலம் பிடித்தது. அதற்கு முன் பல வண்டிகளில் இரும்புச் சட்டங்களை இணைப்பாணிகளில் கோத்து, நடுவில் ஒரு ஸ்பிரிங் வைத்த ஃபோர்க்குகளே இருந்தன. 1934இல் டென்மார்க்கின் நிம்பஸ் வண்டி குழாய்க்குள் குழாய் செல்லும் ஃபோர்க்கோடு வந்தது. மறு ஆண்டு ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ, எண்ணெயின் தடையையும் உள்ளே சேர்த்த ஃபோர்க்கைத் தன் ஆர்12 வண்டியில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. உலகப்போர் முடிந்தபின் இந்த வகையே எங்கும் பரவியது. 1955இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியபோது, 350 சிசி புல்லட்டோடு அந்த ஃபோர்க்கும் திருவொற்றியூருக்கு வந்து சேர்ந்தது. இங்கிலாந்தில் 1970இல் ராயல் என்ஃபீல்டு உற்பத்தி நின்றுவிட்டது. சென்னையில் நிற்கவில்லை. பெரியப்பாவின் வண்டி அதற்குப் பிறகு பிறந்தது.

பிரேக் பிடிக்கும்போது இந்தக் குழாய்கள் எவ்வளவு சுமக்கின்றன என்று ஒரு கணக்குப் போடலாம். வண்டி சுமார் 165 கிலோ, ஓட்டுபவர் 75 கிலோ, மொத்தம் 240. இரு சக்கரங்களுக்கும் இடையே 1.37 மீட்டர். வண்டியும் ஆளும் சேர்ந்த எடையின் மையம் தரையிலிருந்து ஏறத்தாழ 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று கொள்வோம். புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதி அளவுக்கு பிரேக் பிடித்தால், பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரத்துக்கு மாறும் சுமை 240 × 0.5 × 0.65 ÷ 1.37. கிட்டத்தட்ட 57 கிலோ. பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்துவந்து ஹேண்டில் மேல் அமர்ந்ததற்குச் சமம். மலை இறக்கத்தில் சரிவும் தன் பங்கைச் சேர்க்கும். போதாததற்கு, சாலை சக்கரத்தைப் பின்னோக்கி இழுக்க, வண்டி முன்னோக்கிப் போக முயல, பைப் பாட்டத்துக்குள் நெம்புகோல்போல் சாய்ந்து அழுத்தும். 70 வளைவுகளிலும் இதே கதை.

ஸ்பிரிங்குக்கு ஒரு கடிவாளம்

ஸ்பிரிங் வாங்கிய அடியை மறக்காது. அமுக்கிய ஆற்றலை அப்படியே திருப்பிக் கொடுக்கும். ஆள் ஏறி அமர்ந்ததும் ஸ்பிரிங் 4 சென்டிமீட்டர் அமுங்குகிறது என்றால், அந்த ஒரு அளவை வைத்தே அதன் இயல்பான ஆட்டத்தைச் சொல்லிவிடலாம்: நொடிக்கு 2.5 முறை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 16.7 மீட்டர் ஓடுகிறது. ஆக, ஒரு பள்ளத்தில் விழுந்த முன்பக்கம், தடுப்பார் இல்லையென்றால், ஏறத்தாழ 7 மீட்டருக்கு ஒரு முறை குதித்துக்கொண்டே போகும். குதியின் உச்சியில் டயர் தரையை அழுத்துவது குறையும். அழுத்தம் குறைந்த டயருக்கு பிரேக்கும் திருப்பமும் பிடிபடாது.

தடுப்பது எண்ணெய். பழைய புல்லட் ஃபோர்க்கில் இதற்கான ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. பாட்டத்தின் அடியிலிருந்து ஒரு தண்டு மேல்நோக்கி நிற்கிறது. பைப்பின் கீழ்நுனியில் ஒரு துளை. தண்டு அதற்குள் நுழைந்திருக்கிறது. தண்டுக்கும் துளைக்கும் நடுவே ஒரு மெல்லிய வளைய இடைவெளி. ஃபோர்க் அமுங்கும்போது எண்ணெய் அந்த இடுக்கு வழியாகப் பிதுங்கி மேலே போகவேண்டும். பிதுங்கும்போது ஆற்றல் வெப்பமாகிக் கரைகிறது. தண்டின் அடிப்பகுதி சற்றே பருத்தது. அதனால் ஃபோர்க் ஆழமாக அமுங்க அமுங்க இடுக்கு குறுகும். கடைசி நேரத்தில் எண்ணெய் போக வழியற்று ஒரு மெத்தைபோல் தாங்கும். இரும்போடு இரும்பு மோதாது. ஒரு தண்டின் வடிவத்துக்குள்ளேயே சாலையின் எல்லாப் பள்ளங்களுக்கும் பதில் எழுதிவைத்திருக்கிறார்கள்.

மெல்லிய இடுக்கு வழியாக ஓடும் எண்ணெய் ஒரு கணிதத்துக்குக் கட்டுப்பட்டது. சுவரை ஒட்டிய எண்ணெய் நகராது. நடுவில் இருப்பதுதான் வேகமாக ஓடும். இடுக்கு இரண்டு மடங்கு அகலமானால் எண்ணெயின் வேகம் நான்கு மடங்காகும். ஓடுவதற்கான இடமும் இரண்டு மடங்காகிவிட்டது. ஆக மொத்தம் எட்டு மடங்கு ஒழுகும். இடுக்கு மூன்று மடங்கானால் 27 மடங்கு. 0.1 மில்லிமீட்டர் இருக்கவேண்டிய இடத்தில் 0.2 மில்லிமீட்டர் ஆகிவிட்டது என்று மெக்கானிக் சொன்னால், 'ஒரு தலைமுடி கனம்தானே' என்று நமக்குத் தோன்றும். எண்ணெய்க்கு அது எட்டு மடங்கு திறந்த கதவு. குழாய் ஒரு பக்கம் சாய்ந்து இடுக்கு ஒருபுறம் அகன்று மறுபுறம் ஒட்டிவிட்டால் ஒழுக்கு இன்னும் இரண்டரை மடங்கு வரை கூடும். மலையில் என் வண்டி குதித்ததற்குப் பாதிக் காரணம் இந்தக் கணிதம்.

வெயிலும் சேர்ந்துகொள்ளும். ஃபோர்க்கில் ஊற்றும் கனிம எண்ணெயின் குழகுழப்பு, 20 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குப் போகும்போது பாதிக்கும் கீழே இறங்கிவிடும். மார்கழிக் காலையில் ஒழுங்காக இருக்கும் ஃபோர்க் சித்திரை மதியத்தில் தளர்ந்துபோவது இதனால்தான். சேலத்து வெயிலில் ஓடும் பழைய வண்டிக்குச் சற்றே கெட்டியான எண்ணெயை மெக்கானிக்குகள் விரும்புவதன் நியாயமும் இதுவே.

ஒரு கோடி உரசல்

பைப்பும் பாட்டமும் நேரடியாக உரசிக்கொள்ளக் கூடாது என்பதற்காக நடுவில் இரண்டு வளையங்களை வைக்கிறார்கள். இவற்றைத்தான் 'புஷ்' என்கிறோம். புல்லட்டில் ஒன்று பைப்பின் கீழ்நுனியில் மாட்டிய எஃகு புஷ்; அது பாட்டத்தின் உட்சுவரில் வழுக்குகிறது. மற்றொன்று பாட்டத்தின் வாயில் உட்கார்ந்த வெண்கலப் புஷ். அதற்குள் பைப் வழுக்குகிறது. அதன் தலைமேல் எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் உதடான ஆயில் சீல்.

ஐந்து மீட்டர் சாலைக்கு ஒரு முறை ஃபோர்க் அசைகிறது என்று வைத்துக்கொண்டாலும் கிலோமீட்டருக்கு 200 அசைவு. 50,000 கிலோமீட்டரில் ஒரு கோடி. 1953இல் ஜான் ஆர்ச்சர்ட் என்ற பிரிட்டிஷ் அறிஞர் தேய்மானத்துக்கு ஒரு சுருக்கமான விதி சொன்னார்: உரசலில் இழக்கும் பொருளின் அளவு, அழுத்தும் சுமைக்கும் உரசிய தூரத்துக்கும் ஏற்பக் கூடும், பொருளின் கடினத்துக்கு ஏற்பக் குறையும். சுமையை மாற்ற முடியாது, தூரத்தையும் மாற்ற முடியாது. வண்டியை வடிவமைப்பவர் கையில் மிஞ்சியிருப்பது கடினம் ஒன்றுதான்.

அவர் அதை எப்படிப் பங்கிடுகிறார் என்பதில்தான் இந்த அத்தியாயத்தின் சாரம் இருக்கிறது. இரண்டையும் ஒரே அளவு கடினமாக்கினால் இரண்டுமே சேர்ந்து தேயும். ஒன்றோடொன்று ஒட்டிக் கிழித்துக்கொள்ளவும் கூடும். ஆகவே நீளமான, விலை அதிகமான, கழற்றச் சிரமமான பைப்பைக் கடினமாக்கி, சிறிய, விலை குறைந்த, எளிதில் மாற்றக்கூடிய வளையத்தை மென்மையாக்குகிறார். தேய்மானத்தை ஒழிக்க முடியாது என்று தெரிந்தவர், அது எங்கே நடக்கவேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்து வைக்கிறார். வெண்கலப் புஷ் தேயப் பிறந்தது. அது தேய்ந்துகொண்டிருக்கும்வரை வண்டி நலமாக இருக்கிறது என்று பொருள்.

இந்த ஒப்பந்தத்தைக் கெடுப்பது தூசி. சேலம், நாமக்கல் சமவெளியின் அடியில் சார்னோகைட், நைஸ் வகைப் பழம்பாறைகள். அவை உதிரும்போது மற்றக் கனிமங்கள் சிதைந்து மண்ணாக, குவார்ட்ஸ் மட்டும் சிதையாமல் மணலாக மிஞ்சுகிறது. கடினத்தை அளக்கும் விக்கர்ஸ் கணக்கில் வெண்கலம் சுமார் 100, சாதாரணக் குழாய் எஃகு 200, 300. குவார்ட்ஸ் 1,000க்கும் மேல். லாரிக்குப் பின்னால் போகும் வண்டியின் ஃபோர்க் மேல் படியும் தூசியில் இந்த மணிகள் இருக்கின்றன. கிழிந்த சீல் வழியாக அவை உள்ளே போனால், மென்மையான வெண்கலத்தில் புதைந்துகொள்கின்றன. மணி முழுவதும் முழுகிவிட்டால் நல்லது. வெண்கலம் அதை விழுங்கி பைப்பைக் காப்பாற்றிவிட்டது. தலையை நீட்டிக்கொண்டு நின்றால், அந்த வெண்கல வளையம் உப்புத்தாள்போல் ஆகிவிடுகிறது. கடினமான பைப்பை மென்மையான புஷ் அறுக்கத் தொடங்கும். 'மெதுவானது எப்படிக் கெட்டியானதைத் தேய்க்கும்?' என்று நானும் கேட்டிருக்கிறேன். வளையம் வெறும் பிடி; அறுப்பது அதில் பதிந்திருக்கும் மண்.

ஒரு சீல் கசியத் தொடங்கிய பிறகும் ஓட்டிக்கொண்டே இருப்பது இதனால்தான் ஆபத்து. சீலின் விலை சொற்பம். அது தடுத்துக்கொண்டிருப்பது எண்ணெயை மட்டுமே என்று நினைக்கிறோம். தெருவை உள்ளே விடாமல் தடுப்பதும் அதுதான்.

அளவுகோலின் முன்

மெக்கானிக் அண்ணன் ஃபோர்க்குகளைக் கழற்றி எண்ணெயை ஒரு வெள்ளைத் தட்டில் வடித்தார். காப்பி டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது. பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த ஒரு காந்தத்தை அதில் முக்கி எடுத்தார். காந்தத்தைச் சுற்றிக் கருமையாக மீசை முளைத்திருந்தது. வெண்கலத்தைக் காந்தம் இழுக்காது. ஒட்டியதெல்லாம் எஃகுத்தூள். தேயவேண்டிய வளையத்தைத் தாண்டி, தேயக்கூடாத குழாய்வரை போய்விட்டது என்ற சந்தேகத்துக்கு அதுவே போதும்.

பிறகு அளவு. பைப்பில் புஷ் ஒருபோதும் எட்டாத மேல்பகுதியை மைக்ரோமீட்டரில் அளந்தார். அது பிறந்தபோது இருந்த விட்டம். உரசும் பகுதியை நான்கு திசைகளில் அளந்தார். முன்பின்னாக 0.12 மில்லிமீட்டர் குறைந்திருந்தது, பக்கவாட்டில் 0.03 மட்டுமே. வட்டம் நீள்வட்டமாகியிருந்தது. பெரியப்பா பிடித்த ஒவ்வொரு பிரேக்கும் அந்தத் திசையில்தான் அழுத்தியிருக்கிறது.

புஷ்ஷில் மிஞ்சிய ஆட்டத்தையும் சேர்த்தால் இடைவெளி 0.3 மில்லிமீட்டர். இரண்டு புஷ்களுக்கும் நடுவே 15 சென்டிமீட்டர், கீழ்ப்புஷ்ஷிலிருந்து சக்கர அச்சு 20 சென்டிமீட்டர் என்று வைத்தால், மேலே 0.3 என்பது அச்சில் 0.4 மில்லிமீட்டர் ஆட்டமாகப் பெருகும். கையில் வந்த 'டக்' அதுதான்.

அடுத்து நேர்பார்ப்பு. வீ வடிவக் கட்டைகள் இரண்டின் மேல் பைப்பை வைத்து, டயல் கேஜின் முள்ளை அதன்மேல் நிறுத்தி, மெல்ல உருட்டினார். முள் காட்டும் மொத்த ஓட்டம் உண்மையான வளைவைப்போல் இரண்டு மடங்கு என்பதை மறக்கக் கூடாது. மேடு ஒரு முறை மேலே வரும், ஒரு முறை கீழே போகும். இடது பைப்பின் முள் அசையவே இல்லை என்று சொல்லலாம். வலது பைப்பில் முள் துள்ளியது. விளக்கொளியில் திருப்பிப் பார்த்தால், பிடிப்புக்குச் சற்றுக் கீழே தோல் சுருங்கியதுபோல் ஒரு மடிப்பு. எப்போதோ எதிலோ மோதியிருக்கிறது.

"பெண்டு எடுத்துரலாங்களா?" என்று கேட்டேன்.

"லேசா வளைஞ்சா பிரஸ்ல குடுத்து எடுக்கலாங்க தம்பி. மடிஞ்ச எடத்துல இரும்புக்கு உசுரு போயிருச்சு. திருப்பி நிமித்துனா அங்கயேதான் ஒடியும். இத மாத்திப்போடுங்க. அது நல்ல பைப்பு, முலாம் போட்டு எடுத்துக்கலாம்."

பழுது பார்ப்பதா, மாற்றுவதா என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை நூல்களில் எனக்குக் கிடைத்ததில்லை. தேய்மானம் மேற்பரப்பின் இழப்பு. மேற்பரப்பைத் திரும்பக் கொடுக்க முடியும். மடிப்பும் விரிசலும் உடலின் இழப்பு. உலோகத்தின் படிகங்கள் தாங்கும் எல்லையைத் தாண்டி நகர்ந்துவிட்டன, திரும்ப வராது. மரை கெட்டிருந்தாலும், துருக்குழி ஆழமாக இறங்கியிருந்தாலும் மாற்றுவதே நல்லது. புல்லட்டுக்குப் புது பைப் கடையில் கிடைக்கிறது என்பதால் மாற்றுவது எளிது. உற்பத்தி நின்றுபோன பழைய வண்டிகளை வைத்திருப்பவர்களுக்கு முலாம் பட்டறையே பல நேரம் ஒரே வழி.

செந்நிறத் தொட்டி

சேலத்தில் ஒரு முலாம் பட்டறைக்கு இடது பைப்பைக் கொண்டுபோனேன். வாசலில் என் பைப்புக்கு முன்னால் வரிசையில் கிடந்தவை ஆள் உயர ஹைட்ராலிக் தண்டுகள். திருச்செங்கோட்டு ஆழ்துளை ரிக் வண்டியின் கோபுரத்தைத் தூக்கி நிறுத்துவதும், டிப்பர் லாரியின் தொட்டியை உயர்த்துவதும் இவைபோன்ற தண்டுகளே. வழுக்கும் தண்டு, அதை அணைக்கும் வளையம், எண்ணெயைத் தடுக்கும் சீல் என்று எல்லாம் ஃபோர்க்கின் அதே உறுப்புகள். ரிக்கும் லாரியும் பிழைப்பாக இருக்கும் இந்தச் சமவெளியில், ஒரு பழைய மோட்டார் சைக்கிளுக்குத் தேவையான கைத்திறன் ஏற்கெனவே தயாராகக் காத்திருக்கிறது.

குரோமியத்தை 1797இல் பிரான்சின் லூயி வாக்லின் சைபீரியாவின் செந்நிறத் தாது ஒன்றில் கண்டறிந்தார். அதன் சேர்மங்கள் பலவும் அடர்ந்த நிறம் காட்டியதால் நிறம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லே பெயரானது. 1920களில்தான் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் காலின் ஃபிங்க் குழுவினரின் ஆய்வுக்குப் பிறகு குரோம் முலாம் தொழிலாக வளர்ந்தது. ஹேண்டிலிலும் சைலன்சரிலும் மின்னும் அலங்கார குரோம் நிக்கலின் மேல் போர்த்திய மிக மெல்லிய படலம். ஒரு மைக்ரானை எட்டாது. ஃபோர்க்குக்குத் தேவை கடின குரோம். அது எஃகின் மேலேயே பத்துகளில் தொடங்கி நூற்றுக்கணக்கான மைக்ரான் வரை வளர்க்கப்படுவது. விக்கர்ஸ் கணக்கில் 800 முதல் 1,000 வரை கடினம். தூசியின் குவார்ட்ஸுக்கு ஏறக்குறைய ஈடுகொடுக்கும்.

முதலில் பைப்பை கிரைண்டிங் செய்து நீள்வட்டத்தை மறுபடி வட்டமாக்கினார்கள். கொஞ்சம் உலோகம் போனது. பிறகு தொட்டி. லிட்டருக்குச் சுமார் 250 கிராம் குரோமிக் அமிலம், அதில் நூறில் ஒரு பங்கு கந்தக அமிலம், 50 முதல் 55 டிகிரி சூடு. மாதுளைச் சாறுபோல் இருண்ட சிவப்பு. பைப் எதிர்முனை, சுற்றிலும் ஈயக் கலவைத் தகடுகள் நேர்முனை. ஒரு குரோமியம் அணு பைப்பில் வந்து உட்கார ஆறு எலக்ட்ரான்கள் வேண்டும். அனுப்பும் மின்சாரத்தில் பத்து முதல் இருபது விழுக்காடுதான் அந்த வேலைக்குப் போகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி நீரைப் பிளந்து ஹைட்ரஜனைக் கிளப்புகிறது. அதனால் முலாம் வளர்வது மெதுவாக, மணிக்கு 25 மைக்ரான் அளவில். 100 மைக்ரான் ஏற்ற நான்கு மணி நேரம்.

அந்த ஹைட்ரஜனில் கொஞ்சம் எஃகுக்குள்ளும் புகுந்துகொள்ளும். கடினமான எஃகை அது நொறுங்கவைக்கும் என்பதால், முலாம் முடிந்ததும் 190, 200 டிகிரி சூட்டில் சில மணி நேரம் வைத்து அதை வெளியேற்றுவது நல்ல பட்டறையின் வழக்கம். குரோமும் நொறுங்கும் தன்மையுள்ளதே, வளைந்தால் வெடிக்கும். ஆகவே பெண்டு எடுக்கும் வேலை ஏதும் இருந்தால் முலாமுக்கு முன்பே முடிந்திருக்கவேண்டும்.

தொட்டியின் ஓரத்தில் நின்றபோது தொண்டை காய்ந்தது. குமிழ்கள் மேலே வந்து உடையும்போது அமிலத்தையும் நுண்துளிகளாக எடுத்து வரும். தொட்டியில் இருக்கும் ஆறு இணைதிற குரோமியம் புற்றுநோய் தரக்கூடியது. பைப்பில் படிந்து உலோகமானதும் அதே தனிமம் தீங்கற்றதாகிவிடுகிறது. ராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவுக் குவியல் நிலத்தடி நீரைக் கெடுத்த கதையைத் தமிழ்நாடு நன்றாக அறியும். காற்றை உறிஞ்சும் விசிறி, கையுறை, கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஏற்பாடு எல்லாம் உள்ள பட்டறைக்கு நூறு ரூபாய் கூடக் கொடுப்பது நம் கடமை. என் வண்டி மினுங்க வேறொருவர் கிணறு மஞ்சளாகக் கூடாது.

காலடியில் இருந்த இரண்டு கற்கள்

முலாம் பூசிய பைப்பை மறுபடி கிரைண்டிங் செய்து, புது வலது பைப்பின் விட்டத்துக்கு ஒன்றுபோல் கொண்டுவந்தார்கள். அரைத்த சக்கரத்தின் மணிகள் அலுமினியம் ஆக்சைடு. இயற்கையில் அதே பொருள் படிகமாகக் கிடைத்தால் அதற்குப் பெயர் குருந்தம். ஆங்கிலத்தின் 'கொரண்டம்' தமிழின் இந்தச் சொல்லிலிருந்தே போனது. வைரத்துக்கு அடுத்த கடினத்தில் நிற்கும் கனிமங்களில் ஒன்று. பட்டறையில் சுழல்வது மின்உலையில் செய்த செயற்கைக் குருந்தம்.

நாமக்கல் மாவட்டத்தில் பரமத்தி வேலூர் பக்கம் சித்தம்பூண்டி என்ற ஊர் இருக்கிறது. நிலவியல் படித்தவர்களுக்கு உலகெங்கும் தெரிந்த பெயர். சுமார் 250 கோடி ஆண்டு வயதுள்ள அனார்த்தசைட் என்ற வெளிர்பாறை அங்கே தரைக்கு வருகிறது. நிலவின் மேட்டுநிலங்களும் இதே இனப் பாறை என்பதால், சந்திரயான் சோதனைகளுக்கான செயற்கை நிலவு மண்ணை இஸ்ரோ சித்தம்பூண்டி, குன்னமலை பகுதிக் கற்களை அரைத்துச் செய்தது. அந்தப் பாறைத் தொகுதிக்குள் குரோமியத்தின் தாதுவான குரோமைட் அடுக்கடுக்காக இருக்கிறது. குருந்தமும் இருக்கிறது. தொழிலுக்குத் தேவையான குரோமைட் ஒடிசாவின் சுகிந்தாவில் வெட்டப்படுகிறது. சித்தம்பூண்டியின் அடுக்குகள் மெலிந்தவை, தரத்திலும் அதற்கு நிகராகாதவை. ஆனாலும் என் பைப்புக்குத் தோல் கொடுத்த தனிமமும் அந்தத் தோலை அளவுக்குக் கொண்டுவந்த கனிமமும் ஒரே ஊரின் பாறையில் அடுத்தடுத்துக் கிடப்பதை நினைக்கும்போது எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை. குருந்தத்தில் சிறிதளவு குரோமியம் கலந்தால் கிடைப்பது மாணிக்கம்.

வளையம் திரும்பியது

லேத்து பட்டறையில் கன்மெட்டல் துண்டிலிருந்து இரண்டு புது வெண்கலப் புஷ்களைக் கடைந்து வாங்கினோம். பைப்புக்கும் புஷ்ஷுக்கும் இடையே 0.05 முதல் 0.08 மில்லிமீட்டர் இருக்கவேண்டும் என்றார் மெக்கானிக் அண்ணன். அதைவிடக் குறைந்தால் எண்ணெய்ப் படலம் நிற்க இடமில்லாமல் கவ்விக்கொள்ளும். கூடினால், இரண்டு மடங்குக்கு எட்டு மடங்கு ஒழுகும் அந்த மும்மடிக் கணக்கு தன் வேலையைக் காட்டும். சீலை ஏற்றும்போது பைப்பின் மரைகளின் மேல் மெல்லிய காகிதத்தைச் சுற்றினார். மரையின் கூர்மை சீலின் உதட்டைக் கீறிவிட்டால் முதல் நாளே கசிவு. இரண்டு கால்களுக்கும் ஒரே நீள ஸ்பிரிங், ஒரே அளவு எண்ணெய்.

அச்சை மாட்டியதும் கடைசிப் பிடிப்பை முறுக்காமல் எழுந்து நின்றார். வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, ஹேண்டிலைப் பத்துமுறை அமுக்கினார். அதன் பிறகே குனிந்து முறுக்கினார். இரண்டு பாட்டங்களும் ஒன்றுக்கொன்று இணையாகத் தாமாக நின்றுகொள்ள அந்த அமுக்கல் இடம் கொடுக்கிறது. முதலிலேயே முறுக்கிவிட்டால் ஒன்று மற்றதைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த இழுப்பு முழுவதும் புஷ்ஷின் ஒரு ஓரத்தில் சுமையாக விழும். ஆர்ச்சர்டின் விதியில் சுமை கூடினால் தேய்மானம் கூடும் என்பது அவருடைய கைக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

தை மாதத்தில் கொல்லிமலையிலிருந்து மறுபடி இறங்கினேன். வளைவுக்கு முன் முன்பக்கம் நிதானமாகக் குனிந்தது. பிரேக்கை விட்டதும் ஒரே மூச்சில் எழுந்து நின்றுகொண்டது. அடிவாரத்தில் பார்த்தபோது பைப்பில் ஈரமான ஒரு மெல்லிய கோடு மட்டும் இருந்தது. சீலுக்கு அந்த ஈரம் வேண்டும். அதுவும் இல்லாமல் காய்ந்திருந்தால்தான் கவலை.

ஓராண்டு கழித்து எண்ணெய் மாற்றினோம். அதே வெள்ளைத் தட்டில் வடித்து வெயிலில் சாய்த்தபோது, எண்ணெய்க்குள் தங்கத்தூள் தூவியதுபோல் மிக நுண்ணிய மினுக்கம் தெரிந்தது. மெக்கானிக் அண்ணன் அதே காந்தத்தை முக்கி எடுத்தார். சுத்தமாக வந்தது. ஒரு துகள்கூட ஒட்டவில்லை.

"புஷ்ஷு மட்டுந்தானுங்க தேயுது" என்று சொல்லி, காந்தத்தைத் துடைத்து டப்பாவுக்குள் வைத்தார்.